கேள்வி பதில்: உலகத்துக்கு ஒரு எம்.பி.

போன இதழில் ஐ.நா. சபையை 'தீர்ப்புச் சொல்லும், தீர்ப்பைக் கேட்க ஆள்தான் வராது' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். இந்த வாரம் வந்த தபாலில் பாதி அதைப் பிடித்துக்கொண்டுதான், அப்படியானால் உலகத்துக்கே ஒரு அரசு வேண்டாமா என்று. மலைக்காரர்கள் கேட்டதை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். கோத்தகிரியில் காலையிலிருந்து மழை, கரண்ட் எந்த நேரமும் போகலாம்.

கே: எல்லா நாட்டு மக்களும் ஓட்டுப் போட்டு ஒரே உலக அரசைத் தேர்ந்தெடுத்தால் போரே இருக்காதே, ஏன் யாரும் இதை யோசிப்பதில்லை? (கல்லூரி மாணவர், கூடலூர்)

ப: யோசிக்காமல் என்ன தம்பி. ஐன்ஸ்டைன் 1947-இல் ஐ.நா. பொதுச்சபைக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார், பிரதிநிதிகளை அரசாங்கங்கள் அனுப்பக்கூடாது, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. சோவியத் விஞ்ஞானிகள் நாலு பேர் அதை மறுத்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியதோடு சரி. அதற்கு நூற்றைம்பது வருஷம் முன்னால், 1795-இல், ஜெர்மன் தத்துவவாதி கான்ட் இதற்கு நேர் எதிராகச் சொன்னார்: எல்லாவற்றையும் விழுங்கிய ஒரே ராஜ்யம் உயிரற்ற கொடுங்கோலாகத்தான் போய் முடியும், சுதந்திர நாடுகள் கூட்டணியாக இருந்தால் போதும்.

பெரியவர்கள் சண்டை இருக்கட்டும், நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலக ஜனத்தொகை 800 கோடியைத் தாண்டியாயிற்று. உலகப் பாராளுமன்றத்துக்கு ஆயிரம் உறுப்பினர்கள் என்று வையுங்கள், அதற்குமேல் போனால் அது மாநாடு. ஒருவருக்கு 80 லட்சம் பேர் ஆகிறது. 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டம் மொத்தமே 7.35 லட்சம், கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றையும் சேர்த்தால்தான் 89 லட்சம் வருகிறது, அதாவது நாலு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு எம்.பி. இப்போதே நம் மக்களவைத் தொகுதியில் பாதி மலையில் இல்லை. உதகை, குன்னூர், கூடலூர் மேலே. மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் கீழே. பச்சைத் தேயிலை விலை கிலோவுக்கு ரெண்டு ரூபாய் இறங்கினால் அவினாசிக்காரருக்கு என்ன வந்தது, அவருக்கு அத்திக்கடவுத் தண்ணீர் வந்ததா என்பதுதான் கேள்வி. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தொகுதி மறுவரையறை என்றாலே தமிழ்நாட்டில் வயிற்றில் புளியைக் கரைக்கிறது, 1971 கணக்கெடுப்பை வைத்துக் கிடைத்த 39 இடங்களின் பங்கு குறைந்துவிடுமோ என்று, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தலைக்கு ஒரு ஓட்டு என்று உலகப் பாராளுமன்றம் அமைத்தால் ஆயிரத்தில் முந்நூற்றைம்பது இடம் இந்தியாவும் சீனாவும்தான். அங்கே நாம்தான் உத்தரப் பிரதேசம்! பூட்டானும் போர்ச்சுகலும் நம்மைப் பார்த்துப் பதறும்.

அப்படியானால் நாட்டுக்கு ஒரு ஓட்டு? ஐ.நா. பொதுச்சபையில் இப்போது அதுதானே நடக்கிறது. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் துவாலுவுக்கும் ஒரு ஓட்டு, 140 கோடி இந்தியாவுக்கும் ஒரு ஓட்டு. ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு ஒரே நாளில் வருகிற கூட்டம் துவாலுவைவிடப் பெரிது. ஐரோப்பியப் பாராளுமன்றம் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தது, ஜெர்மனிக்கு 96 இடம், குட்டி மால்டாவுக்கு 6. ஒரு ஜெர்மன் உறுப்பினருக்குப் பின்னால் சுமார் எட்டரை லட்சம் பேர், மால்டாக்காரருக்குப் பின்னால் ஒரு லட்சம்கூட இல்லை. ஒருவரையொருவர் ஓரளவு நம்புகிற 27 நாடுகள், அதனால் தாங்குகிறது. அப்படியிருந்தும் பிரிட்டன் 2020-இல் மூட்டையைக் கட்டிவிட்டது.

சாத்தியமா என்றால், ஐ.நா. சாசனத்தில் ஒரு எழுத்தை மாற்றக்கூட மூன்றில் இரண்டு பங்கு நாடுகளோடு வீட்டோ (தனியாகவே தடுத்துவிடும் அதிகாரம்) வைத்திருக்கும் ஐந்து நாடுகளும் சம்மதிக்க வேண்டும். தன் வீட்டோவைத் தானே தூக்கிக் கொடுப்பவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

கே: மேலே ஒரு அரசு இல்லாமல் உலகப் பொது வேலைகள் எப்படி நடக்கும்? (ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், குன்னூர்)

ப: சார், நீங்களே இப்படிக் கேட்கலாமா? குன்னூரில் இந்திய ஸ்டாம்ப் ஒட்டிப் போட்ட கவர் பெரு நாட்டு மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேர்கிறதே, அது 1874-இல் 22 நாடுகள் கூடி அமைத்த தபால் ஒன்றியத்தின் வேலை. ஓசோன் படலத்துக்கு 1987-இல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள், பிறகு எல்லா நாடுகளும் சேர்ந்தன. போலீஸ் கிடையாது. சேராத நாட்டோடு அந்த வாயுக்களில் வியாபாரம் இல்லை என்று ஒரு விதி, ஏழை நாடுகள் மாறிக்கொள்ள ஒரு நிதி, அவ்வளவுதான். நம் வீட்டு ஃபிரிட்ஜ் வாயு மாறியது இப்படித்தான். ஆனால் அது மாற்று வாயு கையில் இருந்த விஷயம். நிலக்கரியை விடச் சொன்னால் அதே நாடுகள் வருஷாவருஷம் கூடிப் பேசிவிட்டுத்தான் கலைகின்றன.

கே: உலக அரசு வந்தால் மலைக்கு வரும் வண்டிகளுக்கான ஈ-பாஸையும் அவர்களே கொடுப்பார்களா? (விடுதி நடத்துபவர், கொடைக்கானல்)

ப: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 2024 மே மாதத்திலிருந்து நம் இரண்டு மலைக்கும் ஈ-பாஸ் வந்தது உயர் நீதிமன்ற உத்தரவால், நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த யாரும் கேட்டு வாங்கியதல்ல. சீசனில் ரோட்டைக் கடக்க முடியாமல் நிற்கிற எனக்கு அந்த உத்தரவு தப்பாகத் தெரியவில்லை. தூரத்தில் இருப்பவன் சொல்வதெல்லாம் தப்பு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, கவனிக்கவும்.

கே: எங்கள் படுகர் நாலு சீமை முறையில் உலகத்தையே அமைக்கலாமே? (ஆசிரியர், ஊட்டி அருகே)

ப: அமைக்கலாம், எனக்குப் பிடித்த யோசனை இது. தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தை என்று நாலு சீமை, அதாவது நாலு வட்டாரம். ஹட்டியில் (படுகர் ஊரில்) வந்த வழக்கை ஹட்டியிலேயே ஊர் கவுடர் தீர்ப்பார், தீராவிட்டால்தான் சீமைக்கு, அங்கேயும் முடியாவிட்டால் நாலு சீமையும் சேர்ந்த நாக்குபெட்டாவுக்கு. மேலே போகப் போக வேலை குறைய வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் டீச்சர், அந்தக் கூட்டங்களில் காலங்காலமாகப் பெண்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள், பிறகு உலகத்துக்குப் போவோம்.

கே: என் பாட்டி சிலோனிலிருந்து வந்தவர். உலக அரசு ஒன்று இருந்திருந்தால் எங்களை நாடற்றவர் ஆக்கியிருக்க முடியுமா? (கடை வைத்திருப்பவர், கோத்தகிரி)

ப: இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 1947 தேர்தலில் இலங்கைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழர் ஓட்டுப் போட்டு ஏழு பேரை இலங்கைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்து சுமார் ஏழு லட்சம் பேரை நாடில்லாதவர் ஆக்கியது, 1949-இல் ஓட்டும் போயிற்று. இதைச் செய்தது ராணுவமல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட பாராளுமன்றம், கை தூக்கி எண்ணி, முறைப்படி. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 9.75 லட்சம் பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5.25 லட்சம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974-இல் அதையும் பாதிப் பாதியாக்கினார்கள். அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. கொழும்புக்கும் டெல்லிக்கும் மேலே ஒரு இடம் இருந்திருந்தால் உங்கள் பாட்டி அங்கே போய் முறையிட்டிருக்கலாம். ஆனால் அந்த மேலிடமும் தலைகளை எண்ணித்தான் ஆளும் என்றால், தோட்டக்காட்டில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற ஏழு லட்சம் பேர் அங்கே எத்தனாவது தசமபுள்ளி? நாட்டின் பெரும்பான்மை துரத்தினால் பக்கத்து நாட்டுக்காவது வரலாம், உலகத்தின் பெரும்பான்மை துரத்தினால் எந்த ஊருக்குக் கப்பல் ஏறுவது?

ஆகவே எனக்கு வேண்டியது உலக மந்திரிசபை இல்லை, ஒரு கோர்ட். ஐரோப்பாவில் 46 நாடுகளில் எதில் வசிப்பவரும், அந்த நாட்டுக் குடிமகனாகக்கூட இருக்க வேண்டாம், ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள மனித உரிமை கோர்ட்டுக்குப் போய் அந்த அரசின்மேலேயே வழக்குப் போடலாம். அந்த மாதிரி ஒன்று. நாடற்றவர்களைக் குறைக்க 1961-இல் ஒரு சர்வதேச ஒப்பந்தமும் வந்தது. இந்தியா இன்றுவரை அதில் சேரவில்லை, இத்தனை பேரை மண்டபம் முகாமில் இறக்கிய பிறகும்.

எங்கள் தெருவில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த ஒரு அம்மா இருக்கிறார். அவருடைய அப்பா 1947-இல் ஓட்டுப் போட்டவர், 1952-இல் போடமுடியாமல் நின்றவர். அந்த அம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது கொண்டுவந்த பாஸ்போர்ட்டை இன்னும் பிஸ்கட் டின்னுக்குள் துணி சுற்றி வைத்திருக்கிறார், போட்டோவில் முகம் பாதி அழிந்துவிட்டது. 1977-இல் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று முதல் ஓட்டுப் போட்டபோது அவருக்கு நாற்பது வயது. யாருக்குப் போட்டீர்கள் என்று போன வாரம் கேட்டேன். அதெல்லாம் சொல்லக்கூடாது தம்பி, ரகசியம் என்றார்.