மணப்பாட்டில் ஒரு சாயங்காலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விடுமுறைக்கு மணப்பாடு போயிருந்தோம். சாயங்காலம் கடல் அடங்கிக் கிடந்தது. பையன் குளிக்க இறங்கினான். இடுப்பளவு தண்ணீருக்கு அவன் போனதும் எனக்குச் சுறா நினைப்பு வந்துவிட்டது. "ஏறி வாடா" என்று கத்தி வெளியே இழுத்து வந்தேன். வீட்டில் இன்னும் கேலி ஓயவில்லை. நம் கடலில் அப்படிப் பயப்பட ஏதாவது இருக்கிறதா, இல்லை சினிமா பார்த்த வினையா?

செல்வி, மதுரை

அன்புள்ள செல்வி,

கேலி செய்கிறவர்களிடம் சொல்லுங்கள், அந்தக் கடலில் இதே பயத்துக்குக் கூலியே கொடுத்திருக்கிறார்கள். முத்துக்குளிப்பில் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவைக் கட்டிப்போடுவது அவர் வேலை. அது நடக்காமல் குளியாட்கள் இறங்கமாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போனதாக எழுதுகிறார். கட்டு பகலுக்கு மட்டும்தானாம், ராத்திரி அவர்களே அவிழ்த்துவிடுவார்களாம். பிறகு எந்தத் திருடன் இருட்டில் முத்தெடுக்க இறங்குவான்! 19ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பக்கம் இந்த வேலை ஒரு குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாக இருந்தது. அப்போதைய தலைவர் கத்தோலிக்கர். மந்திரத்துக்கு அதனால் பங்கம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. விபத்தும் அரிதாகவே நடந்தது. அத்தனை படகும் கூச்சலும் கூடினால் சுறா விலகிப் போகும் என்பது என் கணக்கு.

சாயங்காலத்துக்குப் பயந்ததிலும் நியாயம் உண்டு. பல சுறாக்கள் அந்தியில்தான் இரை தேடும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் மங்கல் வெளிச்சமே அவற்றுக்குப் போதும். ஆனால் சீண்டாமலே மனிதரைச் சுறா கடித்ததாக உலகம் முழுக்கப் பதிவாவது ஆண்டுக்கு 100ஐ எட்டுவதில்லை. நம் கரையில் குளிப்பவருக்கு அது அபூர்வத்திலும் அபூர்வம். மீன் சந்தையில் பால்சுறாவைப் பார்த்தால் வாலிலிருந்து தலைப்பக்கமாக ஒருமுறை தடவிப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி கையைப் பிடிக்கும். அப்புறம் புட்டு வைத்துவிடுங்கள்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு சந்து மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரியும். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். கரையில் மோதிய தண்ணீர் பெரும்பாலும் அந்தச் சந்து வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். நன்றாக நீந்துகிறவரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்திக் களைக்கக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பு விட்டுவிடும், பிறகு கரை சேரலாம்.

அடுத்த தடவை போனால் வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடம் சுறாவைப் பற்றிக் கேட்காதீர்கள், தண்ணீர் எங்கே இழுக்கிறது என்று கேளுங்கள். பையனை வெளிச்சம் இருக்கும்போதே இறக்குங்கள்.