ஜப்பான் ஜிம்னி 9 லட்சத்துக்கு வருமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறோம். தார் ரோட்டில் இருந்து வீடு வரை ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. மழை பெய்தால் விருந்தாளிகளின் கார் ஏறாது. நாங்கள்தான் ஜீப் வாடகைக்குப் பிடித்து அழைத்து வருகிறோம்.

என் கணவருக்குத் தெரிந்த ஒருவர், ஜப்பான் ஏலத்தில் 2019 மாடல் சுசுகி ஜிம்னி 6 லட்சத்துக்குக் கிடைக்கிறது, நம் ஊர் போலவே வலது பக்க ஸ்டியரிங், கப்பல் செலவு, வரி எல்லாம் சேர்த்து 9 லட்சத்துக்குக் கோயம்புத்தூரில் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்கிறார். காத்திருக்க முடியாது என்றால், ஏற்கெனவே இந்தியாவுக்கு வந்துவிட்ட வண்டி ஒன்று இமாச்சல் நம்பரில் இருக்கிறதாம். 11 லட்சம் கொடுத்தால் என்ஓசி வாங்கி ஊட்டி ஆர்டிஓ ஆபீஸில் மாற்றித் தருவாராம். நுவரெலியாவில் இருக்கும் என் சித்தப்பா மகன்கூட ஜப்பான் ரீகண்டிஷன் கார்தான் ஓட்டுகிறார்.

எங்களிடம் 5 லட்சம் எஃப்டி இருக்கிறது. மீதி 4 லட்சத்துக்கு என் நகையை வைக்கலாம் என்று யோசிக்கிறோம். டோக்கன் 25,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பிவிட்டோம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. இரண்டு வண்டியும் வேண்டாம். எஃப்டி இருக்கிற இடத்தில் இருக்கட்டும், நகையைப் பீரோவை விட்டு வெளியே எடுக்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தத் தரகர் மறுபடி வந்து பேசும்போது, உங்கள் கணவரும் நீங்களும் கணக்கோடு பதில் சொல்ல முடிய வேண்டும்.

முதலில் அந்த 2019. வெளிநாட்டில் ஓடிய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர வேண்டுமானால், அது தயாராகி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இது வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இறக்குமதி விதி. வலது பக்க ஸ்டியரிங் என்பது அந்த விதியில் உள்ள பல நிபந்தனைகளில் ஒன்று, அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்கின் வெளிச்சம் இடது பக்கம் ஓட்டும் சாலைக்கு ஏற்றபடி விழ வேண்டும். இன்னும் ஐந்து ஆண்டு ஓடும் தகுதி இருக்க வேண்டும், அந்த ஐந்து ஆண்டும் இங்கே சர்வீஸ் கிடைக்கும் என்று இறக்குமதி செய்பவர் உறுதி தர வேண்டும். கப்பல் ஏறும் முன் ஒரு சோதனைச் சான்றிதழ், இங்கே இறங்கிய பிறகு புனே ஏஆர்ஏஐ போன்ற நிலையத்தில் இன்னொரு சோதனை. பழைய கார் இறங்க அனுமதி உள்ள துறைமுகம் மும்பை ஒன்றுதான். இத்தனையிலும் தேறினாலும் 2019-இல் தயாரான வண்டி வயதில் அடிபட்டுவிடும். தனிநபர் பழைய கார் வாங்கிக் கொண்டுவரும் வழியில் அதற்கு இடமே இல்லை.

சரி, மூன்று வயதுக்கு உட்பட்ட வண்டி ஒன்றை அவர் காட்டினால்? அப்போதுதான் 9 லட்சம் என்ற விலையைப் பார்க்க வேண்டும். ஒரு பேனாவும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 6 லட்சம், கப்பல் கூலியும் காப்பீடும் ஒரு லட்சம் என்று வைப்போம். மும்பை வந்து சேரும்போது மதிப்பு 7 லட்சம். பழைய காருக்கு அடிப்படைச் சுங்க வரி, அதன் மேல் செஸ் எல்லாம் சேர்த்து 137.5 சதவீதம். அதாவது 9,62,500 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 16,62,500. இந்தத் தொகையின் மேல்தான் ஜிஎஸ்டி போடுவார்கள். ஜப்பானில் ஓடும் சின்ன ஜிம்னி 660 சிசி என்பதால் குறைந்த விகிதமான 18 சதவீதமே வரட்டும், அது 2,99,250. மொத்தம் 19,61,750 ரூபாய். வண்டி இன்னும் மும்பையை விட்டு நகரவில்லை.

இப்போது வரியை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள். 12,61,750 வருகிறது. உங்களிடம் சொன்ன மொத்த விலையே 9 லட்சம்தானே? வண்டியை ஜப்பானில் இனாமாகவே கொடுத்தார்கள் என்று வைத்தாலும் அந்த 9 லட்சம் வரிக்கே போதாது. நேர் வழியில் அந்த விலைக்கு வண்டி வரவே முடியாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அப்புறம் தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் இருக்கிறது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு 18 சதவீதம். அது மூன்றரை லட்சத்தைத் தாண்டும். 23 லட்சம் கைவிட்டுப் போயிருக்கும், லாரி வாடகையும் சோதனைக் கட்டணமும் தனி.

'பில்லைக் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம்' என்று தரகர் சொல்லக்கூடும். சுங்க அதிகாரிகள் பழைய காருக்கு ஏல விலையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அந்த மாடல் புதிதாக விற்ற விலையில் இருந்து, முதல் ஆண்டில் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 3, மூன்றாம் ஆண்டில் 2.5 என்று தேய்மானம் கழித்து அவர்களே மதிப்புப் போடுவார்கள். மூன்று ஆண்டு முடிந்தாலும் 38 சதவீதம்தான் கழியும். ஏலத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வரியில் அந்த மலிவு தெரியாது.

உங்கள் சித்தப்பா மகன் ஓட்டுகிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருந்து இலங்கையில் சொந்தம் உள்ளவர்கள் பலரும் என்னிடம் கேட்பது இதையேதான். இலங்கை தன் தேவைக்குக் கார் தயாரிக்கும் நாடு இல்லை, அதனால் ஜப்பான் பழைய வண்டியை நம்பித்தான் ஓடுகிறது. அங்கேயும் 2020-இல் இறக்குமதியை நிறுத்தி, 2025 பிப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவைத் திறந்தார்கள். நம் நாட்டில் லட்சக்கணக்கான பேர் கார் தொழிலை நம்பி வாழ்கிறார்கள். அதைக் காக்கத்தான் பழைய காருக்கு இப்படி ஒரு மதில் எழுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாவது வண்டிக்கு வருகிறேன். எனக்கு அதிகம் பயம் தருவது அதுதான். ஏல வண்டியில் அட்வான்ஸ் பணம் போகும். இமாச்சல் வண்டியில் முழு 11 லட்சமும் போய், வாசலில் அதிகாரிகளும் வந்து நிற்பார்கள்.

2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை 'நும்கோர்' என்ற பெயரில் நடத்திய சோதனையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நும்கோர் என்றால் பூட்டான் மொழியில் வண்டி. பூட்டானிலும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், வண்டிகள் வலது பக்க ஸ்டியரிங். அங்கிருந்து பழைய சொகுசு வண்டிகளை வரி கட்டாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்து, ராணுவம், தூதரகம் ஆகியவற்றின் பெயரில் போலிக் காகிதம் தயாரித்து, இமாச்சலப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் பதிவு செய்து, அங்கிருந்து தெற்கே விற்றிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. முதல் நாளிலேயே 36 வண்டிகளைப் பிடித்தார்கள். உங்கள் தரகர் சொல்லும் வண்டியும் அப்படி வந்ததுதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் 2019 ஜப்பான் வண்டி, இமாச்சல் நம்பர், வரிக் கணக்குக்கு ஒத்தே வராத விலை, மூன்றும் ஒன்றாக வரும்போது நான் என் தம்பியை அந்த வண்டிக்குள் உட்காரக்கூட விடமாட்டேன்.

வாங்கியவர் நல்லவர், விவரம் தெரியாமல் வாங்கிவிட்டார் என்பதற்காக வண்டியைக் கையோடு விட்டுவிட மாட்டார்கள். கள்ளமாக வந்த பொருளைப் பறிமுதல் செய்ய 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. நம் தரப்பு நியாயத்தை நிரூபிக்க வக்கீல், கொச்சி, சென்னை என்று அலைய வேண்டும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு குன்னூரில் ஒரு குடும்பத்துக்கு வரிக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கைமாறி வந்த வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கியிருந்தார்கள். சுற்றுலாவுக்கு வருபவர் கார்னே என்ற அனுமதிச் சீட்டில் தற்காலிகமாகக் கொண்டுவந்து, ஆறு மாதத்தில் திருப்பி எடுத்துப்போக வேண்டிய வண்டி அது. போகாமலே விற்றிருக்கிறார்கள். ஒரு நாள் அதிகாரிகள் வந்து மகஜர் எழுதி, வண்டியை அந்த வீட்டுக் கொட்டகையிலேயே முடக்கிவிட்டுப் போனார்கள். ஓட்டக் கூடாது, விற்கக் கூடாது. நான் போனபோது ஸ்டியரிங்கில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மழைக்காலம் போயிருந்தது. கண்ணாடியைச் சுற்றி இருக்கும் கறுப்பு ரப்பரில் பச்சையாகப் பாசி பிடித்து, விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மா கொட்டகையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எனக்கு டீ கொண்டுவந்தார். வண்டிக்கு வாங்கிய கடனுக்கு மாதா மாதம் வட்டி போய்க்கொண்டே இருந்தது.

தரகர் விடாப்பிடியாக நின்றால் ஒரே ஒரு காகிதம் கேளுங்கள். மும்பைத் துறைமுகத்தில் வரி கட்டியதற்கான பில் ஆஃப் என்ட்ரி. அதில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஆர்சியில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டு வண்டிகளில் நம் ஊர் வண்டி போல 17 எழுத்து சேசிஸ் நம்பர் இருக்காது. மாடல் குறியீடு, ஒரு கோடு, பிறகு சில எண்கள் என்று குட்டையாக இருக்கும். ஆர்சியில் மட்டும் வேறு ஏதோ இந்திய வண்டியின் 17 எழுத்து இருந்தால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த வண்டி உங்களுக்கு ஆகாது. ஜப்பான் ஜிம்னியின் 660 சிசி டர்போ எஞ்சின் இந்தியாவில் விற்பனையிலேயே இல்லை. கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரத்தில், மழையில், ஒரு டர்போ பைப் கிழிந்தால் ஜப்பானில் இருந்து பார்சல் வரும்வரை வண்டி கொட்டகையில் நிற்கும். இன்னொன்று, விருந்தாளிகளைக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றி இறக்க மஞ்சள் போர்டு வேண்டும். சொந்த உபயோகம் என்று இறக்குமதி செய்த வண்டியில் அந்த வேலை செய்தால், நடுவில் விபத்து என்று வந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும்.

உங்கள் கேள்வியில் ஜப்பான் வந்ததே ஜிம்னியின் மேல் உள்ள ஆசையால்தான் என்று நினைக்கிறேன். நல்ல ஆசைதான். ஐந்து கதவு ஜிம்னி 2023-இல் இருந்து நம் குருகிராமிலேயே தயாராகிறது. அதையே கப்பலேற்றி ஜப்பானில் 'நோமேட்' என்ற பெயரில் 2025 தொடக்கத்தில் அறிவித்தார்கள். நான்கே நாளில் 50,000 பேர் பதிவு செய்ய, சுசுகி முன்பதிவையே நிறுத்த வேண்டி வந்தது. ஜப்பான்காரர்கள் வரிசையில் நின்று கேட்கும் வண்டி நம் ஊர் ஷோரூமில் இருக்கிறது. எஞ்சின் 1.5 லிட்டர், பாகம் மேட்டுப்பாளையத்திலேயே கேட்கலாம். புதிது 12 லட்சத்துக்கு மேல் போகும் என்பதால் இப்போது உங்களுக்கு அதுவும் தேவையில்லை.

உங்களுக்குத் தேவை மழை மாதங்களில் ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதையைத் தாண்டுவது. கடந்த ஆண்டு ஜீப் வாடகைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நோட்டைப் பாருங்கள். 4 லட்சம் நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி 9 சதவீதம் என்றாலும் 36,000 ரூபாய். ஜீப் வாடகை அதைவிடக் குறைவு என்றால் வாடகை ஜீப்பே லாபம். பச்சைத் தேயிலை விலை எந்த மாதம் எப்படி இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலை விழுந்த மாதத்தில் ஃபேக்டரிக் காசு கூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போகும், வட்டிக்கு எங்கே போவீர்கள்? சொந்த வண்டி வேண்டியே ஆக வேண்டும் என்றால், எஃப்டியில் பாதிக்கு மேல் தொடாமல், நம் மலையில் ஓடிப் பழகிய பழைய பொலேரோ ஒன்றைத் தெரிந்த மெக்கானிக்கோடு போய்ப் பாருங்கள். டிஎன்-43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டி என்றால் இன்னும் நல்லது, வெளியூர் வண்டிகள் மலையேற வாங்க வேண்டிய இ-பாஸ் தொல்லையும் இல்லை. குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் இமாச்சல் நம்பரோடு நின்று ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லும் வாழ்க்கை உங்களுக்கு வேண்டாம்.

வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு ஆண்டு இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புபவர், அங்கே ஓராண்டாவது தன்னிடம் இருந்த காரைக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. அவருக்கும் வரியில் சலுகை கிடையாது. நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். உறவினர் பெயரில் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் சம்மதிக்காதீர்கள்.

கடைசியாக அந்த 25,000. இன்றைக்கே, போனில் பேசாமல், வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள்: 'வண்டி வாங்கும் எண்ணம் இல்லை. இன்ன தேதியில் இன்ன கணக்குக்கு அனுப்பிய 25,000 ரூபாயை ஏழு நாளில் திருப்பி அனுப்பவும்.' பணம் அனுப்பிய ரசீது, அவர் அனுப்பிய வண்டிப் படங்கள், விலை சொன்ன செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் பிள்ளைகளின் போனிலும் ஒரு பிரதி வையுங்கள். அவர் மழுப்பினால் ஏழு நாள் வரை காத்திருக்க வேண்டாம், இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். 'இன்னும் 50,000 போட்டால் பழைய டோக்கனோடு சேர்த்துக் கழித்துக்கொள்கிறேன்' என்று அவர் சொல்ல வாய்ப்பு அதிகம். அப்படிச் சொன்னால் அந்தச் செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் மட்டும் அனுப்பாதீர்கள்.