லித்தியமும் கந்தசஷ்டி விரதமும்

கேள்வி: மனநல ஆராய்ச்சிக்கு விருது கொடுத்ததாகப் பத்திரிகைகளில் பார்க்கிறேன். இருமுனை நோய்க்கு என் தம்பி ஆறு வருடமாக லித்தியம் குளிசை எடுக்கிறான். இந்த மருந்துக்காக யாரும் விருது வாங்கினார்களா? கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்கப்போவதாகச் சொல்கிறான். விடலாமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: வாங்கினார்கள். லித்திய ஆராய்ச்சிக்காக டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் சோவுக்கு 1987இல் அமெரிக்காவின் லாஸ்கர் என்ற மருத்துவ ஆராய்ச்சி விருது கிடைத்தது. லித்தியத்தின் பயனை முதலில் எழுதியவர் அவரல்ல. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் 1949இலேயே, அதீத எழுச்சி நிலையிலிருந்த (இருமுனை நோயின் ஒரு முனை அது; மறுமுனை மனச்சோர்வு) பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிவிட்டார். அவருடைய முதல் நோயாளி மறுவருடமே லித்தியம் நஞ்சாகி இறந்துபோனார். அளவு தெரியாத மருந்தாகவே அது அன்றிருந்தது.

சோ செய்தது நிரூபிக்கும் வேலை. நோய் திரும்பாமல் லித்தியம் காக்கிறது என்று அவரும் போல் கிறிஸ்ரியன் பாஸ்ட்ரப்பும் எழுதியபோது, அது வெறும் நம்பிக்கை என்று 1968இல் இங்கிலாந்திலிருந்து கடும் மறுப்பு வந்தது. உடனே ஒரு சோதனை வைத்தார்கள். லித்தியத்தில் நன்றாயிருந்த 84 பெண்களில் 45 பேருக்கு அதே மருந்து. 39 பேருக்கு அதேபோன்ற, மருந்தில்லாத வெற்றுக்குளிசை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்த்த மருத்துவருக்கும் தெரியாது. ஐந்து மாதத்துக்குள் வெற்றுக்குளிசைக்காரரில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியம் எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. 1970இல் வெளியான இந்தக் கணக்குக்கு மேல் வாதாட அதிகம் இருக்கவில்லை. சோவின் சகோதரரும் மனச்சோர்வால் அவதிப்பட்டு, லித்தியத்தால் சுகமடைந்தவர்தான்.

இனித் தம்பியின் விடயம். முழு உபவாசம் வேண்டாம். லித்தியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். உடலில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் உப்பை இறுக்கிப் பிடிக்கும்; கூடவே லித்தியத்தையும் பிடித்துவிடும். வழக்கமான குளிசையே அப்போது நஞ்சாகும். வயிற்றோட்டம், சத்தி, வெயிலில் நின்று வியர்ப்பது எல்லாவற்றிலும் இதே ஆபத்து உண்டு. விரதத்துக்காக ஆறு நாள் குளிசையை நிறுத்துவதும் கூடாது. லித்தியம் நின்றபின்தான் அந்த 21 பேருக்கும் நோய் திரும்பியது. பகலில் தண்ணீர் குடித்து, உப்புச் சேர்த்த மரக்கறிச் சாப்பாட்டோடு விரதம் பிடிக்கலாமா என்று தெல்லிப்பழையிலோ யாழ்ப்பாணத்திலோ அவர் போகும் கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள்.

லித்தியத்தின் அளவு பார்க்கும் இரத்தப் பரிசோதனையில் பலர் விடும் பிழை ஒன்று: காலையில் குளிசையைப் போட்டுவிட்டு இரத்தம் கொடுப்பது. கடைசிக் குளிசைக்குப் பின் 12 மணித்தியாலம் கழியவேண்டும். இரவு 9 மணிக்கு எடுத்தால் காலை 9 மணிக்கு இரத்தம். காலைக் குளிசை இருந்தால் இரத்தம் கொடுத்த பிறகு. 12 மணித்தியாலம் கழியாவிட்டால் அளவு அதிகமாகத் தெரியும், மருத்துவர் மருந்தைக் குறைப்பார், நோய் எட்டிப்பார்க்கும். இரத்தத்தில் லித்தியம் பெரும்பாலும் லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கவேண்டும். சிறுநீரகம், தைரொயிட் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

மூட்டு நோவுக்குப் பார்மசியில் டைக்குளோபெனாக், இபுபுரூபன் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை லித்தியத்தை ஏற்றிவிடும். பனடோல் போதும். ஒருவேளை குளிசை தவறினால் அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது.

கை பலமாக நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, நாக்குக் குழறுகிறது, தூங்கி வழிகிறார் என்று கண்டால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல், குளிசைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.