பால்பல் சொத்தை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

குழந்தைகளின் பல் மட்டும்தான் என் வேலை. ஞானப்பல், க்ளிப், பல் வெளுப்பு எல்லாம் எனக்கு வேண்டாம். போட்டோ பார்த்து மருந்து சொல்ல மாட்டேன்.

திருப்பூர் அம்மா: மகளுக்கு 5 வயது. விழப்போகிற பல்தானே, எதற்கு வைத்தியம்?

முன்பல் 6, 7 வயதில் விழும். கடவாய்ப் பால்பல் 10, 12 வயது வரை இருக்க வேண்டியது. அதுவரை அவள் மென்றாக வேண்டும், தூங்கியாக வேண்டும். இந்த வயசுப் பிள்ளைகள் பலருக்கு வலியைச் சொல்லத் தெரியாது. ஒரே பக்கம் மெல்கிறாளா, சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறாளா, பாருங்கள்.

மதுரை அப்பா: டாக்டர் சொத்தையைச் சுரண்டவே இல்லை. ஊசியும் போடாமல் ஸ்டீல் கேப்பை மாட்டி அனுப்பிவிட்டார். ஏமாந்துவிட்டோமா?

இல்லை. இதற்கு ஹால் முறை என்று பெயர். ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் தன் க்ளினிக்கில் பல வருடம் இப்படிச் செய்துவந்தார். பிறகு டேசைடு பகுதியில் 132 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பல்லில் இந்தக் கேப், இன்னொரு பல்லில் வழக்கமான ஃபில்லிங். கிட்டத்தட்ட 2 ஆண்டில் ஆறாத வலி, சீழ் மாதிரியான பெரிய தோல்வி ஃபில்லிங் பற்களில் 15 சதவீதம், கேப் பற்களில் 2 சதவீதம். 5 ஆண்டு முடிவில் 16.5, 3. எது பிடித்தது என்று கேட்டபோது நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் கேப்பையே சொன்னார்கள்.

எல்லாப் பல்லுக்கும் இது ஆகாது. ராத்திரி வலி, ஈறில் சீழ்க்கொப்புளம் இருந்தாலோ, எக்ஸ்ரேயில் சொத்தை நரம்பைத் தொட்டிருந்தாலோ கேப் மாட்டக் கூடாது. மாட்டிய புதிதில் கடி தூக்கலாக இருக்கும், சில வாரத்தில் படிந்துவிடும்.

கோவை பொறியாளர்: கரையான் அரித்த கதவுக்குத் தகரம் அடித்தால் கரையான் செத்துவிடுமா?

கரையானுக்குக் கதவே சாப்பாடு. சொத்தைக் கிருமிக்குச் சாப்பாடு பல் அல்ல, வாய்க்குள் வரும் சர்க்கரையும் மாவும். கேப்பை சிமெண்டு வைத்து இறுக்கினால் வரத்து நின்றுவிடும். அப்புறம், கதவு செத்த மரம், பல்லுக்குள் உயிர் இருக்கிறது. நாம் நரம்பு என்று சொல்கிறோமே, அந்தக் கூழ் தன்னைச் சுற்றிப் புதுச் சுவர் எழுப்பும்.

1965இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் எலிகளின் பல்லைத் துளைத்து, கூழைத் திறந்து, மூடாமல் விட்டார்கள். சாதா எலிகளுக்குக் கூழ் அழுகியது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளுக்குத் துளையில் தீனி அடைந்திருந்தும் கூழ் பிழைத்தது, புதுப் பல்திசு பாலம் போட்டு ஓட்டையை மூடியது. கிருமியைத் தடுத்துக் கொடுத்தால் மீதியைப் பல்லே பார்த்துக்கொள்ளும்.

நாமக்கல் அம்மா: பல்வலிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

வலிக்கு மட்டும் என்றால் வேண்டாம். பாராசிட்டமாலை எடைக்கு ஏற்ற அளவில் கொடுத்துவிட்டுப் பல் மருத்துவரிடம் போங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். கண்ணருகே, தாடைக்கடியில் வீக்கம், விழுங்க முடியவில்லை என்றால் க்ளினிக் வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

கோவை பொறியாளர்: பிரிட்டனில் நடந்த ஃபிக்ஷன் என்ற ஆய்வில், சுரண்டி அடைப்பதற்கும் கேப் போட்டு மூடுவதற்கும் வித்தியாசமே இல்லையாமே?

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். 3 முதல் 7 வயதுக்குள், ஏற்கெனவே சொத்தை இருந்த 1,144 குழந்தைகள். ஒரு பிரிவுக்குச் சுரண்டி அடைப்பது, ஒரு பிரிவுக்கு ஹால் மாதிரி மூடுவது, மூன்றாவதற்குத் தடுப்பு மட்டும். ஏறக்குறைய 3 ஆண்டில் வலியோ சீழோ வந்தவர்கள் வரிசையாக 42, 40, 45 சதவீதம். ஆமாம், நிரூபிக்கிற அளவுக்கு வித்தியாசம் இல்லை.

ஆனால் டேசைடில் எண்ணியது பல்லை, இங்கே எண்ணியது பிள்ளையை. ஒரு பல் நன்றாக இருந்து வேறொரு பல் வலித்தாலும் அந்தப் பிள்ளை கணக்கில் வந்துவிடும். கேப் அந்தப் பல்லைக் காப்பாற்றும், வாயை அல்ல. தடுப்பு மட்டும் என்பது சும்மா விட்டதும் அல்ல: துலக்குதல், ஃப்ளோரைடு, தீனிக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. எனக்கு உறுத்துவது வேறு. எந்த வழியில் போனாலும் பத்தில் நாலு பிள்ளைகள் வலித்துவிட்டார்களே!

சேலம் அம்மா: வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின்...

வேண்டாம். நாமக்கல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விருதுநகர் அப்பா: 8 வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்தது. நடுவில் சிவப்புப் புள்ளி. ரூட் கெனால் என்கிறார்கள்.

அந்தச் சிவப்புதான் கூழ். நிலைத்த பல் என்றாலும் அந்த வயதில் வேர் நுனி மூடியிருக்காது. கூழ் உயிரோடு இருந்தால்தான் வேர் வளரும். ஸ்வெக் என்பவர் 1978இல் வெளியிட்ட முறை இருக்கிறது: மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூழை மட்டும் நீக்கி, ரத்தம் நின்றதும் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடுவது. 60 பற்களில் 96 சதவீதம் ஆறின. சில பற்கள் உடைந்து வாரங்கள் கழித்து வந்தவை. பகுதிக் கூழ் நீக்கம் செய்ய முடியாதா என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். உடைந்த துண்டு கிடைத்தால் ஈரத்தில் போட்டுக் கொண்டுபோங்கள், ஒட்டலாம்.

ஊசி போட்டால் உதடு மரத்திருக்கும். மரப்பு போகும்வரை பையனை விட்டு நகராதீர்கள். தெரியாமல் கடித்துக் குதறிவிடுவார்கள், மறுநாள் உதடு இட்லி மாதிரி வீங்கி, டாக்டர்தான் கெடுத்துவிட்டார் என்று சண்டைக்கு வருவார்கள். எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தஞ்சை பாட்டி: கிராம்பு எண்ணெய்?

குழந்தைக்கு வேண்டாம், ஈறு வெந்துவிடும்.

பெயர் இல்லை: மாமனாருக்கு இம்ப்ளான்ட்...

முதல் பத்தி.

ஓசூர் அம்மா: சொத்தையைச் சுரண்டாமல் கேப் போடலாமா? முன்னாடியே கொஞ்சம் ஆன்டிபயாடிக்...

மதுரைக்காரர், நாமக்கல்காரர், சேலத்துக்காரர், மூன்றையும் படியுங்கள். ஐந்து மணிக்கு க்ளினிக் திறக்க வேண்டும், கிளம்புகிறேன். பொறியாளர் மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளட்டும்.