247 எழுத்துகளும் தெரியும், ஆனால் வாசிக்க வரவில்லை

கேள்வி: என் மகன் ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். தமிழின் 247 எழுத்துகளையும் தடையின்றி ஒப்பிக்கிறான். ஆனால் பாடத்தில் ஒரு வரியை வாசிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டே போய், வரி முடிவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுகிறான். சொல்வதெழுதுதலில் பத்துக்கு மூன்று சொற்களே சரியாக வருகின்றன. ‘எலை’, ‘ஒண்று’, ‘கிணரு’, ‘முல்’ என்றெல்லாம் எழுதுகிறான். பிழையான சொல் ஒவ்வொன்றையும் இருபது முறை எழுத வைத்தும் பயனில்லை. இலக்கணத்தை முதலில் சொல்லிக் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: இலக்கணப் புத்தகத்தை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். இருபது முறை எழுத வைப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒரு சொல்லை இருபது முறை எழுதச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் முதல் எழுத்தை மேலிருந்து கீழாக இருபது வரிகளிலும் எழுதிவிட்டு, பிறகு இரண்டாம் எழுத்தை அதேபோல எழுதி முடிப்பார்கள்; கை வேலை செய்திருக்கும், அந்தச் சொல் ஒருமுறைகூட அவர்கள் மனத்தில் முழுதாக ஒலித்திருக்காது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நீங்கள் காட்டியுள்ள நான்கு பிழைகளும் நான்கு வெவ்வேறு காரணங்களால் வந்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் எதுவும் தீராது.

முதலில் வாசிப்பு. எழுத்துகளை வரிசையாக ஒப்பிப்பது பாட்டை ஒப்பிப்பது போன்றது. அதில் வரிசைதான் நினைவில் இருக்கிறது, எழுத்து இல்லை. ‘கொ’, ‘மு’, ‘தை’, ‘ணீ’ எனச் சிதறலாக எழுதிக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். அவன் எங்கே தயங்குகிறான் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் இரண்டு இடங்களில் தயக்கம் இருக்கும். கு, சு, டு, து, பு என்னும் உகர வரிசையில் எழுத்துகள் ஒரே விதமாக வளையாததால் அவற்றைத் தனித்தனியாகவே பழக்க வேண்டியிருக்கிறது. கெ, கே, கை வரிசைகளில் கண் முதலில் காண்பது கொம்பையும் சங்கிலிக் கொம்பையும். நாக்கு முதலில் சொல்ல வேண்டியதோ ககர ஒலியை. கொ, கோ ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. இந்தத் திருப்பத்தை வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால், சில குழந்தைகள் மூன்றாம் வகுப்பிலும் ‘கெ’ என்பதைக் கண்டவுடன் ஒரு நொடி நின்றுதான் போவார்கள். வீட்டில் தாத்தா பாட்டி எழுதிக் காட்டுவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: ணா, றா, னா, லை, னை முதலிய எழுத்துகளின் இன்றைய வடிவம் 1978இல் தமிழ்நாட்டு அரசாணையால் வந்தது; அதற்கு முன் பள்ளி முடித்தவர்கள் பழைய வடிவத்தில் எழுதினால் குழந்தைக்கு அது புதிய எழுத்தாகத் தோன்றும்.

எழுத்துக் கூட்டும் குழந்தை பெரும்பாலும் புள்ளி எழுத்தில்தான் இடறுகிறது. ‘பார்த்தான்’ என்பதை ‘பா, இர், இத், தா, இன்’ என்று ஐந்து துண்டுகளாகச் சொன்னால் அவற்றை ஒட்டிச் சொல்லாக்க எட்டு வயது நினைவால் முடியாது. ‘புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, முன்னே உள்ள எழுத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும்’ என்று சொல்லி, ‘பார்த் – தான்’ என இரண்டு துண்டுகளாக வாசிக்கப் பழக்குங்கள். வண் – டி, பட் – டம், வாழ்க் – கை என்று பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக் கொடுக்கலாம். இரண்டு வாரங்களில் அந்தக் கோடு தேவைப்படாது. பட்டம், கட்டம், வட்டம், சட்டம் எனத் தலையெழுத்து மட்டும் மாறும் சொற்களை அடுத்தடுத்து வாசிக்க வைப்பதும் உதவும், ஏனென்றால் ‘ட்டம்’ என்பதை அவன் ஒரே பார்வையில் பிடிக்கத் தொடங்குவான்.

ஆங்கில வழியில் படிக்கும் குழந்தைகளுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு: ஒரே ‘க’ ஏன் ‘கல்’லில் ஒரு விதமாகவும் ‘தங்க’த்தில் வேறு விதமாகவும் ‘அக’த்தில் மற்றொரு விதமாகவும் ஒலிக்கிறது என்று கேட்பார்கள். சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் வல்லினம் வலிமையாக ஒலிக்கும். மெல்லினத்துக்குப் பின்னும், இரண்டு உயிர்களுக்கு இடையிலும் மென்மையாகும். அவன் பேசும்போது இதைச் சரியாகவே செய்கிறான் என்பதை அவனுக்கே காட்டினால் போதும்.

நாள்தோறும் பதினைந்து நிமிடம் உரக்க வாசித்தால் போதுமானது. ஒவ்வொரு நாளும் புதிய பத்தி வேண்டாம். ஐந்தாறு வரிப் பத்தி ஒன்றையே மூன்று நாள் வாசிக்கட்டும், முதல் நாளின் திணறலுக்கும் மூன்றாம் நாளின் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவனே உணர்வான். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் மூன்று விநாடி பொறுத்துவிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள். முதல் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்க நேர்ந்தாலும் அதில் குறைவு ஒன்றுமில்லை: தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே குழந்தைகளை வகுப்பை மட்டும் பார்த்து நடத்தாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் நிலையிலிருந்து கற்பிக்கச் சொல்கிறது.

இனி எழுத்துப் பிழைகளுக்கு வருவோம். ‘எலை’ என்று எழுதியவன் காதால் கேட்டதை உண்மையாக எழுதியிருக்கிறான். பேச்சுத் தமிழில் இலை எல ஆகிறது, விலை வெல ஆகிறது, நிலம் நெலம் ஆகிறது. உடம்பு, உலகம், முகம் ஆகியவை ஒடம்பு, ஒலகம், மொகம் ஆகின்றன. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால் முதலில் உள்ள இகரமும் உகரமும் பேச்சில் இப்படி எகரமாகவும் ஒகரமாகவும் திரிவது ஓர் ஒழுங்கு. ‘நாம் எல என்று பேசுகிறோம், இலை என்று எழுதுகிறோம்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு பட்டியலை அவனையே வளர்க்கச் சொல்லுங்கள். எடை, செலவு போலப் பேச்சிலும் எழுத்திலும் எகரமே உள்ள சொற்களும் இருப்பதால் இது நின்று யோசிப்பதற்கான குறிப்புத்தானே தவிர, கண்ணை மூடிக்கொண்டு மாற்றும் விதியன்று. அவனுடைய பேச்சைத் தவறு என்று மட்டும் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். வீட்டு மொழி தவறு என்று கேட்ட குழந்தை எழுதுவதற்கே அஞ்சத் தொடங்கும்.

‘ஒண்று’ பிழைக்கு மருந்து அந்த எழுத்துகளின் பெயர்களிலேயே இருக்கிறது. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பழைய ஆசிரியர்கள் சொன்னது அழகுக்காக அன்று: ட வருமுன் ண், த வருமுன் ந், ற வருமுன் ன். வண்டு, பந்து, கன்று. இந்த மூன்று சொற்களையும் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் ஒன்று, மூன்று, நண்டு, சந்தை என நூற்றுக்கணக்கான சொற்கள் ஒழுங்குக்கு வந்துவிடும். சொல்லின் தொடக்கத்தில் ந மட்டுமே வரும், ணகரமும் னகரமும் வாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

‘கிணரு’ என்பதைத் திருத்த அவன் பேச்சே துணை செய்யும். ‘கிணத்துல தண்ணி இருக்கு’ என்று அவன் சொல்வான் அல்லவா? ருவா றுவா என்று ஐயம் வரும் சொல்லில், பேச்சில் இப்படித் ‘த்து’ வந்தால் எழுத்தில் ‘ற்று’. ஆகவே கிணற்றில், ஆகவே கிணறு. சோத்துல, ஆத்துல, வயித்துல எல்லாம் இப்படித்தான். மாறாக மோருல, தேருல, ஊருல என்று சொல்லும்போது அந்தத் ‘த்து’ வருவதில்லை. அவற்றில் இருப்பது ரகரம். ரகரம் தமிழில் இரட்டிப்பதே இல்லை. பேச்சுத் தமிழை எழுத்துக்குப் பகையாக நினைக்கும் பெற்றோருக்கு இந்த ஒரு சான்றை நான் எப்போதும் காட்டுவேன்.

‘முல்’ என்பது நாக்கு தொடர்பானது. நாநுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால் ல், மேலண்ணத்துக்கு வளைந்தால் ள். ‘கல்லு, முள்ளு’ என்று மாறி மாறிச் சொல்லவைத்து, நாக்கு எங்கே போகிறது என்று அவனையே கேளுங்கள். ஐயம் வந்தால் பன்மையைப் பார்க்கலாம்: கல் கற்கள் ஆகும், முள் முட்கள் ஆகும். ஆனால் கால், நாள் போன்று நெடிலை அடுத்து வரும் சொற்களுக்கு இந்தச் சோதனையைக் கொண்டுபோக வேண்டாம். ழகரத்தின் நிலை வேறு. பல வீடுகளில் அது பேச்சில் ளகரத்தோடு கலந்துவிட்டதால் காது உதவாது. மழை, பழம், வாழை, கிழமை, ஏழு, கீழே, குழந்தை, கழுத்து, எழுத்து என்று தொடக்க வகுப்புக்கு வேண்டியவை சில பத்துச் சொற்களே ஆகையால் அவற்றை நினைவில் ஏற்றிவிடுவதே எளிது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘வலி, வழி, வளி’ போன்ற மயங்கொலிப் பட்டியல்களை இப்போது கொடுக்காதீர்கள். மூன்றில் ஒன்றைக்கூட உறுதியாக அறியாத குழந்தைக்கு மூன்றையும் ஒரே நாளில் காட்டினால், அதுவரை இல்லாத குழப்பத்தை நாமே உண்டாக்குவதாக முடியும். ‘வழி’ நன்றாகப் பதிந்து சில வாரங்கள் ஆன பிறகு ‘வலி’ வரட்டும். ‘வளி’ மேல்வகுப்புக்கு உரியது.

சொல்வதெழுதுதலை ஆறு சொற்களாகக் குறையுங்கள். சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள்; அவன் அதைத் திருப்பிச் சொல்லி, துண்டு பிரித்து, எழுதும்போதும் வாய்விட்டுச் சொல்லட்டும். திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதும்போதே ஒலியை உரக்கச் சொல்ல வைத்ததன் பயன் இதுதான். பிழையை நீங்கள் வட்டமிடாமல், சரியான சொல்லை அருகில் எழுதிக் கொடுத்து அவனையே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க விடுங்கள். பிழைத்த சொல்லை மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை கேட்பது அன்றே இருபது முறை எழுதுவதைவிட மிகுந்த பயன் தரும்.

இலக்கணம், அவன் சொந்தமாக நான்கு வாக்கியங்கள் எழுதத் தொடங்கிய பிறகு, அந்த வாக்கியங்களிலிருந்தே தொடங்கட்டும். ‘மாடுகள் வந்தது’ என்று எழுதினால் ‘மாடு வந்தது, மாடுகள் வந்தன’ என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஒருமை, பன்மை என்ற பெயர்கள் பிறகு வரலாம். வல்லினம் மிகும் இடங்களில் அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின்னும், ‘ஐ’, ‘கு’ ஆகிய உருபுகளின் பின்னும் மட்டும் இப்போது போதும்: அந்தப் பையன் பாலைக் குடித்தான், கடைக்குப் போனான். இதை உரக்கச் சொன்னாலே ஒற்று காதில் விழும். மற்ற ஒற்றுப் பிழைகளுக்கு இந்த வயதில் மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பெரியவர்களே தடுமாறும் இடம் அது.

இவ்வாறு மூன்று மாதம் விடாமல் செய்தும் வாசிப்பில் முன்னேற்றம் இல்லையென்றால், அதிலும் ஆங்கிலத்திலும் இதே திணறல் இருந்தால், அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாமல் கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்துவிட்டு, கற்றல் குறைபாட்டை மதிப்பிடக்கூடிய சிறப்பாசிரியரிடமோ குழந்தைகள் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். போகும்போது இன்றைய சொல்வதெழுதுதல் ஏட்டையும் மூன்று மாதத்துக்குப் பிந்தைய ஏட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் முதலில் பார்க்க விரும்புவது அவற்றைத்தான்.