வாசகர் கேள்வி பதில்: மலையில் பாடிய பெடல் சேலத்தில் ஏன் திக்கியது?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீடு ஏற்காட்டில். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு ஏசி 128 டிரான்சிஸ்டர் வாங்கி, கிதார் சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் ஒரு ஃபஸ் பெடல் நானே செய்தேன். ஃபஸ் ஃபேஸ் என்ற பழைய பெடலின் சர்க்யூட்தான். வீட்டில் அருமையாகப் பேசியது. ஏப்ரல் கடைசியில் சேலத்தில் நண்பனின் அக்கா கல்யாண வரவேற்பில் வாசித்தேன். நோட்டு தொடங்கியதும் அறுந்து அறுந்து போனது. பெடலைக் கழற்றிவிட்டுத்தான் மீதிப் பாட்டை முடித்தேன். மறுநாள் மலை ஏறி வந்து போட்டால், பழையபடி நன்றாக இருக்கிறது! டிரான்சிஸ்டரை மாற்ற வேண்டுமா? எந்த நம்பர் வாங்குவது?
(ஏற்காடு வாசகர்)

பதில்: தம்பி, மலை இறங்கினால் கெடுகிறது, ஏறினால் தேறுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். சால்டரிங்கில் கோளாறு என்றால் அது இடம் பார்த்து வராது. உங்கள் பெடலுக்கு ஒத்துக்கொள்ளாதது சேலத்துச் சூடு.

ஏசி 128 ஜெர்மேனியம் வகை. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இறுக மூடாத குழாய் மாதிரி. குழாயின் திருகு மாதிரியான பேஸ் என்ற காலுக்கு எதுவும் கொடுக்காவிட்டாலும், கலெக்டர் என்ற கால் வழியாகக் கொஞ்சம் கரன்ட் ஒழுகிக்கொண்டே இருக்கும். இதைத்தான் லீக்கேஜ் என்கிறோம். சூடு 10 டிகிரி ஏறினால் இந்த ஒழுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். உங்கள் முதல் டிரான்சிஸ்டர் ஏற்காட்டு மாலையில், 18 டிகிரியில், 100 மைக்ரோ ஆம்பியர் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 டிகிரியில் 200. சேலத்தில் சித்திரை வெயிலில் 38 டிகிரி வந்தால் 400.

இப்போது சர்க்யூட்டைப் பாருங்கள். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் இருப்பது 33 கே, அதாவது 33,000 ஓம் ரெசிஸ்டர். 9 வோல்ட் பேட்டரியிலிருந்து அது விடக்கூடிய மொத்தக் கரன்ட்டே 270 மைக்ரோ ஆம்பியர்தான். ஒழுக்கு மட்டுமே அதைத் தாண்டிவிட்டால் கிதார் சிக்னலுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது? முதல் டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்தபடி கிடக்கும், இரண்டாவதுக்குத் தீனி போகாது. பலமாக அடித்தால் மட்டும் ஒரு துண்டு சத்தம் வெளியே வரும், நோட்டு இளைத்ததும் அறுந்துவிடும். கல்யாண மண்டபத்தில் நடந்தது இதுதான்.

நான் சொல்வது சரிதானா என்று மீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எர்த்துக்கும் நடுவே, மைனஸ் குறியை விட்டுவிட்டுப் பார்த்தால், 4.5 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். பெடல் திக்கும் நேரத்தில் அது 7, 8 என்று பேட்டரியை நோக்கி ஏறியிருக்கும்.

அதனால் ‘எந்த நம்பர்’ என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒரே நம்பர், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பத்து ஏசி 128-ஐ அளந்தால் பத்தும் பத்து மாதிரி இருக்கும். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி ஃபஸ் ஃபேஸைக் கொண்டுவந்தபோதே இதே கதைதான். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மிதித்த பெடல் என்று உலகமே கொண்டாடுகிறது, ஆனால் அதே வட்டத் தகரப் பெட்டியில் ஒன்று தேனாகவும் அடுத்தது தகரமாகவும் பேசும். உள்ளே இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டரும் எப்படி வாய்த்தன என்பதைப் பொறுத்தது அது.

அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். 9 வோல்ட் பேட்டரி, ஒரு 2.4 கே ரெசிஸ்டர், ஒரு 2.2 மெக் ரெசிஸ்டர், மல்டிமீட்டர், நான்கு முதலை கிளிப். ஏசி 128 பிஎன்பி வகை, அதாவது என்பிஎன் வகைக்குப் பிளஸ், மைனஸ் தலைகீழாகப் போகும் வகை என்பதால், மூன்றாவது காலான எமிட்டரைப் பேட்டரியின் பிளஸ்ஸில் கொடுங்கள். கலெக்டரை 2.4 கே வழியாக மைனஸுக்குக் கொண்டுபோங்கள். பேஸை அந்தரத்தில் விடுங்கள். 2.4 கே-வின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் வருவது ஒழுக்கு. 0.24 வோல்ட் என்றால் 100 மைக்ரோ ஆம்பியர். அப்புறம் பேஸை 2.2 மெக் வழியாக மைனஸில் தொடுங்கள். மீட்டர் தாவும், 1.10 என்று வைத்துக்கொள்வோம். முதலில் வந்த 0.24-ஐக் கழித்தால் 0.86. அதை நூறால் பெருக்கினால் 86. ஏறக்குறைய அதுதான் உண்மையான கெயின், அதாவது பேஸில் கொடுத்த கரன்ட்டை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்காக்குகிறது என்ற கணக்கு. கழிக்காமல் விட்டால் அதையே 110 என்று நம்பி ஏமாறுவோம். மீட்டரில் டிரான்சிஸ்டர் செருகும் ஓட்டை இருக்கிறதே, அது ஜெர்மேனியத்துக்கு இந்தப் பொய்யைத்தான் சொல்லும், ஏனென்றால் அதற்குக் கழிக்கத் தெரியாது.

அளக்கும்போது டிரான்சிஸ்டரின் உடம்பைத் தொடாதீர்கள். மாட்டிய பிறகு இரண்டு நிமிடம் ஆறவிட்டுப் படியுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு முறை, அந்தச் சின்னத் தகரக் குழலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். 0.24, 0.26, 0.29 என்று எண்கள் ஊர்ந்து ஏறும். விரலை எடுத்தால் மெதுவாக இறங்கும். மலையில் உட்கார்ந்தபடியே சேலத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, விரல் சூடும் நம் ஊர் வெயிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விரல் பட்டதும் எகிறுவதை ஒதுக்கிவிடுங்கள், கொஞ்சமாக அசைவதை எடுத்து வையுங்கள்.

முதல் இடத்துக்குக் கெயின் 70 முதல் 80, இரண்டாவதுக்கு 110 முதல் 130 என்பது பலரும் வாசித்துப் பார்த்துச் சொன்ன கணக்கு. ஐந்து பத்து கூடக் குறைய இருந்தால் கவலை இல்லை. ஆனால் முதல் இடத்தில் இருப்பது ஒழுகக் கூடாது. மலையில் அளக்கும்போதே 50 மைக்ரோ ஆம்பியருக்குள் இருப்பதைத்தான் அங்கே போடுவேன். இரண்டாவது இடம் கொஞ்சம் ஒழுகினாலும் தாங்கும். அதன் கலெக்டரில் இருக்கும் 8.2 கே-வுக்குப் பதில், திருகி மாற்றக்கூடிய 10 கே ப்ரிசெட் ரெசிஸ்டர் வைத்து, மத்தியான வெயிலில் ஒரு முறை அந்தக் கலெக்டர் 4.5 வோல்ட் காட்டும்படி திருப்பி விடுங்கள். டிரான்சிஸ்டரை நேரே பற்றவைக்காமல் சாக்கெட் போடுங்கள், நாளைக்கு மாற்றத் தோன்றும்.

இத்தனையும் அளந்து, ஒன்றும் தேறவில்லையா? முதல் இடத்தில் பிசி 557 என்ற சிலிக்கான் பிஎன்பி போட்டு, இரண்டாவதில் ஏசி 128-ஐ வையுங்கள். ப்ரிசெட்டைக் கொஞ்சம் குறைத்து அதே 4.5-க்குக் கொண்டுவாருங்கள். ஜெர்மேனியத்தின் குழைவு ஓரளவு இருக்கும், வெயிலுக்கும் அவ்வளவாக அசையாது. சேலத்தில் அடிக்கடி வாசிக்கப்போவதாக இருந்தால், அளக்கும் முன்பே இதைச் செய்துவிடலாம்.

கேள்வி: ஆன்லைனில் ஏசி 128 பத்து வாங்கினேன். எல்லாமே புதுசு போலப் பளபளக்கிறது. நம்பலாமா அண்ணா?
(அம்மாப்பேட்டை வாசகி)

பதில்: பளபளப்புதான் எனக்கும் முதலில் சந்தேகத்தைக் கொடுத்தது, தங்கச்சி. போன வருடம் நானும் பத்து வரவழைத்தேன். மேலே எழுத்து அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தது. மல்டிமீட்டரை டயோடு குறியில் வைத்து பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே பார்த்தேன். ஜெர்மேனியம் என்றால் 0.2, மிஞ்சிப்போனால் 0.3 காட்ட வேண்டும். ஆறு டிரான்சிஸ்டர் 0.65 காட்டியது. அது சிலிக்கான். எதையோ அழித்து ஏசி 128 என்று எழுதி விற்றிருக்கிறார்கள். பணம் திரும்பவில்லை. பெடல் செய்ய ஆசைப்படும் பிள்ளை இதை வாங்கிப் போட்டுவிட்டு, தன் கையில்தான் தப்பு என்று நினைத்து சால்டரிங் அயனை மூலையில் வைத்துவிடுமே என்பதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய வருத்தம். பெட்டி வந்த அன்றே டயோடு குறியில் பாருங்கள். திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: ஜெர்மேனியம் தேடி அலைய முடியவில்லை. தெருமுனைக் கடையில் கிடைக்கும் பிசி 547 போதாதா?
(சூரமங்கலம் வாசகர்)

பதில்: தாராளமாகப் போதும். ஃபஸ் ஃபேஸே பிற்பாடு பிசி 183, பிசி 108 என்று சிலிக்கானுக்கு மாறிய பெடல்தான். சிலிக்கானில் ஒழுக்கு இல்லை என்றே சொல்லலாம், அதனால் மீட்டர் ஓட்டை காட்டும் கெயினை அப்படியே நம்பலாம். நம்பருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். ஏ என்றால் கெயின் 110 முதல் 220, பி என்றால் 200 முதல் 450, சி என்றால் 420 முதல் 800. கடையில் கேட்டால் பெரும்பாலும் பி அல்லது சி எடுத்துக் கொடுப்பார்கள். சி போட்டால் இரைச்சல், காதைக் கிழிக்கும் சத்தம், சில வீடுகளில் ரேடியோ நிலையமே உள்ளே புகுந்துவிடும். ஏ கிடைத்தால் விடாதீர்கள். சத்தம் இன்னும் கூர்மையாக இருந்தால் ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 100 பிக்கோ ஃபாரட் கன்டென்சர் ஒன்று வைத்துப் பாருங்கள், முனை மழுங்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பிசி 547 என்பிஎன் வகை. பிஎன்பி சர்க்யூட்டில் அப்படியே செருகக் கூடாது. பேட்டரியும் எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர்களும் தலைகீழாக மாற வேண்டும்.

மெல்லிசைக் குழுவில் நான் ரிதம் கிதார் வாசித்தபடியே ஆம்ப்ளிஃபயரும் பார்த்துக்கொண்ட காலத்தில், எஸ்எல் 100 போட்டு ஒரு ஃபஸ் செய்திருந்தேன். ரிலே ஓட்டுவதற்கென்று எல்லாரும் வாங்கும் அந்தத் தொப்பி டிரான்சிஸ்டர்தான். டப்பாவில் கிடந்ததில் கெயின் 100 பக்கம் இருந்த இரண்டைப் பொறுக்கிப் போட்டேன். கிதாரின் வால்யூமைக் குறைத்தால் சத்தம் அழகாகத் தெளியும். இன்றைக்கும் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ பரணில் இருக்கிறது. பிரித்தால் உள்ளே ஏசி 128 இருக்குமாமே?
(செவ்வாய்ப்பேட்டை வாசகர்)

பதில்: இருக்கலாம். அந்தக் கால ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டத்தில் ஏசி 128 ஜோடியாக உட்கார்ந்திருக்கும். ஆனால் முதலில் புது பேட்டரி போட்டு, பேட்டரிப் பெட்டியின் துருவைச் சுரண்டி, ஒரு முறை திருப்பிப் பாருங்கள். எங்கள் வீட்டில் டிரான்சிஸ்டர் என்றாலே ரேடியோதான். அப்பா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இலங்கை வானொலி கேட்டபடியே தூங்கிப்போவார். ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு வந்தால்கூட அந்த ரேடியோவைப் பிரிக்க வேண்டாம் தம்பி. என்னிடம் கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறேன். பெடலுக்கு வேண்டிய இரண்டு டிரான்சிஸ்டரை என் டப்பாவிலிருந்தே அளந்து எடுத்துக்கொள்ளலாம்.

காயில் அறுந்து, போர்டு விரிந்து, உயிரே இல்லை என்றால் எடுங்கள். காலைக் கிடுக்கியால் பிடித்துக்கொண்டு அயனை வையுங்கள், சூட்டைக் கிடுக்கி வாங்கிக்கொள்ளும். ஜெர்மேனியம் சிலிக்கானைவிடச் சீக்கிரம் சூட்டில் செத்துப்போகும்.

கேள்வி: ஜெர்மேனியம் ஃபஸ்ஸையும், எதிரொலி தரும் டிலே பெடலையும் ஒரே அடாப்டரில் போடலாமா?
(அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: கூடாது. பிஎன்பி ஃபஸ்ஸில் பிளஸ்தான் எர்த், டிலேயில் மைனஸ் எர்த். கிதார் வயரின் எர்த் வழியாக இரண்டும் தொட்டுக்கொண்டால் அடாப்டர் ஷார்ட் ஆகும். ஃபஸ்ஸுக்குத் தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும்.