பெஞ்சிலிருந்து இறங்குபவருக்கு என்.பி.ஏ. வாய்ப்பு உண்டா?

உங்களுக்குப் பிடித்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர் மூன்றாம் ஆண்டிலும் பெஞ்சிலிருந்து மாற்று வீரராகத்தான் இறங்குகிறார், என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) கனவு அவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் இல்லை. வில்லனோவா பல்கலைக்கழக அணியின் டான்டே டிவின்சென்ஸோவைப் பாருங்கள், 2016ல் அணி தேசியக் கல்லூரிக் கோப்பை வென்றபோது கால் எலும்பு முறிந்து வெளியே உட்கார்ந்திருந்தவர், 2018 இறுதிப் போட்டியில் மிச்சிகனுக்கு எதிராக பெஞ்சிலிருந்து வந்து 31 புள்ளிகள் எடுத்தார், அந்த வருட டிராஃப்டில் (என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 17வது ஆளாக மில்வாக்கி அணிக்குப் போனார். ஆனால் 2016 இறுதியில் கடைசி நொடியில் மூன்று புள்ளி போட்டு வட கரோலினாவை வீழ்த்திய அதே வில்லனோவாவின் கிரிஸ் ஜென்கின்ஸை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் புள்ளிகளை மட்டும் எண்ணாதீர்கள். எதிரணியின் வேகமான கார்டை (பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தும் வீரரை) அவரால் மறிக்க முடிகிறதா என்று கவனியுங்கள். முடிகிறது என்றால் அதே அணியில் இன்னொரு வருடம் இருக்கட்டும்.